ஓர் அணு தடிமன் கரி

விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துச் சர்க்கரை அளவு பார்க்கும் பட்டையை இன்று அறியாத வீடு குறைவு. பல பட்டைகளில் கறுப்பாகச் சில கோடுகள் அச்சாகியிருக்கும். அந்தக் கறுப்பு, கரித்தூளைக் குழைத்துச் செய்த மை. ரத்தத்தில் உள்ள சர்க்கரை வேதிவினையில் விடும் எலக்ட்ரான்கள் அந்தக் கரி வழியே ஓடி, திரையில் எண்ணாக எழுகின்றன. வேதிப்பொருளைக் கண்டறியும் சென்சார்களில் கரிக்கு நெடுநாளாகவே நல்ல வேலை உண்டு. இப்போது அந்த வேலையைக் கேட்டு கரியின் மிக மெல்லிய வடிவமான கிராஃபீன் வந்து நிற்கிறது. விஷவாயு, தண்ணீரில் கரைந்த ஈயம், காய்கறியில் தங்கிய பூச்சிமருந்து என்று எதையும் மோப்பம் பிடிக்கக்கூடியது அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிராஃபீன் 2004-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு முன்னால் அது வந்த வழி மிக நீளமானது. வியப்பு என்னவென்றால், அந்த வழி மதுரை வட்டாரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுச் சென்றிருக்கிறது.

முதல் தடயம் கீழடியில். மதுரை அவனியாபுரத்துக்குக் கிழக்கே, வைகையின் தென்புறம், சிவகங்கை மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை ஏற்று நடத்தியது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் அறிவிக்கப்பட்டது. அந்தக் குழிகளில் ஏராளமாகக் கிடைத்தவை கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள்: வெளியே செம்மண் நிறம், உள்ளே பளபளக்கும் கறுப்பு. பானையைக் கவிழ்த்து, உள்ளே இலைதழை வைத்துச் சுட்டால் உட்புறத்துக்குக் காற்று போகாது. தழை எரிந்து சாம்பலாகாமல் கரியாகிச் சுவரில் படியும்.

இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளாகியும் உரியாத அந்தக் கறுப்புப் பூச்சை வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த அவர்களின் கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பூச்சுக்குள் கார்பன் நானோ குழாய்களும் அடுக்கடுக்கான கார்பன் தாள்களும் இருந்தன. நானோ குழாய் என்பது கிராஃபீன் தாளைச் சுருட்டியது. மனிதர் செய்த பொருள்களில் இதுவரை கண்டறியப்பட்ட மிகப் பழைய நானோ அமைப்பு இதுவே என்றார்கள். ஏதோ ஒரு தாவரச்சாற்றைப் பூசிச் சுட்டதால் இது உருவாகியிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. கீழடிக் குயவர் நாடியது கசியாத, உரியாத, பார்க்க அழகான ஒரு சட்டி. அணு அடுக்குகள் அந்தக் கைத்திறனோடு கூடவே வந்து சேர்ந்தன.

அடுத்த தடயம் உலைக்களத்தில். பழந்தமிழகத்தின் கொடுமணலிலும் தென்னிந்தியாவின் வேறு பல ஊர்களிலும் மண் மூசைக்குள் இரும்பையும் தாவரத் துண்டுகளையும் வைத்து மூடி, நெடுநேரம் உருக்கி எஃகு எடுத்தார்கள். ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்டதாகப் பிற்காலத்துப் பயணிகளின் குறிப்புகள் சொல்கின்றன. இந்த உருக்குக் கட்டிகள் கடல் கடந்து மேற்காசியா போய், டமாஸ்கஸ் வாள்களாக மாறின. 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 17-ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் கரைத்துப் பார்த்தபோது கார்பன் நானோ குழாய்கள் தென்பட்டன. சட்டியில் நுழைந்த அதே அமைப்பு வாளிலும் நுழைந்திருந்தது. இரண்டு இடத்திலும் கார்பனைத் தந்தது தாவரம், அடுக்கிக்கொடுத்தது நெருப்பு.

இதே அடுக்கை நிலத்துக்கடியில் இயற்கை தானே செய்து வைத்திருக்கிறது. அதுதான் கிராஃபைட். சோழவந்தான் வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொண்டால் போதும்: கவுளி முழுவதும் கிராஃபைட், அதில் ஓர் இலை கிராஃபீன். இலைகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு, அதனால் எளிதில் வழுக்கி உரியும். ஓர் இலைக்குள் அணுக்களின் பிணைப்போ மிக வலுவானது.

1560-களில் வட இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் மிகத் தூய கிராஃபைட் பாளம் வெளிப்பட்டது. ஆட்டிடையர்கள் அதை எடுத்து ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட்டார்கள். 1565-ல் சூரிச் நகரத்து அறிஞர் கான்ராட் கெஸ்னர், மரக்கூட்டுக்குள் இதைச் செருகிய எழுதுகோலின் படத்தைத் தம் நூலில் வரைந்து வைத்தார். அதற்குள் படைகளுக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்குள் கிராஃபைட்டைப் பூசினால் குண்டு வழவழப்பாக வரும். விலை ஏறியது. கூடவே கடத்தலும் ஏறியது. சுரங்கத்தில் திருடுவதைக் கடுங்குற்றமாக்கி 1752-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இத்தனை அமளிக்கும் நடுவே அது என்ன பொருள் என்பதே யாருக்கும் தெரியாது. ஈயத்தின் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள். 1779-ல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அது கார்பன் என்று நிறுவினார்.

பிரான்சும் பிரிட்டனும் 1793-ல் போரில் இறங்கியதும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பென்சில் நின்றுபோனது. நிக்கோலா-ழாக் கோந்தே என்பவரிடம் மாற்று வழி கேட்கப்பட்டது. மட்டமான கிராஃபைட்டைத் தூளாக்கி, களிமண்ணோடு பிசைந்து, சூளையில் சுட்டார் அவர். 1795-ல் காப்புரிமையும் பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. இன்றும் பென்சில்கள் அடிப்படையில் இதே முறையில்தான் உருவாகின்றன. இந்த வித்தை அமெரிக்காவுக்கும் போனது. அங்கே தந்தையின் பென்சில் பட்டறையில் களிமண் கலவையைத் திருத்தித் தரமான பென்சில் செய்த இளைஞரின் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. பின்னாளில் சட்டமறுப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, 1921-ல் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார்.

அடுத்த நூற்றாண்டில் கிராஃபைட் சந்தையின் கண் இலங்கைப் பக்கம் திரும்பியது. உலோகம் உருக்கும் மூசைக்குக் களிமண்ணோடு கிராஃபைட் கலந்தால் வெப்ப அதிர்ச்சியில் வெடிக்காது. அமெரிக்கர் ஜோசப் டிக்சன் இப்படிச் செய்த மூசை ஒன்று 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து வியந்த மார்கன் சகோதரர்கள் முதலில் அதன் விற்பனை உரிமையை வாங்கினார்கள். பிறகு 1856-ல் லண்டன் பேட்டர்சியில் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். வாங்கி விற்றவர் தயாரிப்பாளராக மாறுவது வணிக உலகின் பழைய பாதை. அந்த மூசைகளுக்கு வேண்டிய நயமான கிராஃபைட் இலங்கையில் நரம்பு நரம்பாகக் கிடைத்தது. போகலை, கஹடகஹ போன்ற சுரங்கங்கள் எழுந்தன. அந்த வணிகத்தில் பொருள் ஈட்டியவர்களில் டான் ஸ்பேட்டர் சேனநாயக்கவும் ஒருவர். சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அவருடைய மகன்.

பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் கிராஃபைட் உண்டு. கீழடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில், சிவகங்கை நகருக்கு அருகே புதுப்பட்டி வட்டாரத்தில், தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் செதில் கிராஃபைட்டை வெட்டி எடுக்கிறது. தாதுவில் கார்பன் சராசரியாக 14 சதவீதம்தான். அரைத்து, நீரில் மிதக்கவிட்டுப் பிரித்தால் 96 சதவீதம் வரை ஏற்றலாம். வெப்பம் தாங்கும் செங்கல், மூசை, மின்மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று அதற்குப் பல வேலைகள். பானையில் கரி அடுக்கு, பூமிக்கடியில் கரி அடுக்கு, இரண்டும் ஒரே மாவட்டத்தில்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் போகலாம். 1859-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பிராடி கிராஃபைட்டின் அணு எடையை அளக்க முனைந்தார். பொட்டாசியம் குளோரேட்டோடும் கடும் நைட்ரிக் அமிலத்தோடும் அதைத் திரும்பத் திரும்ப வினைபுரிய வைத்தார். கிடைத்த பொருள் தண்ணீரில் பரவி நின்றது. தாம் கார்பனின் புதியதொரு வடிவத்தைக் கண்டுவிட்டதாக முடிவு செய்து, அதற்கு 'கிராஃபான்' என்று பெயரிட்டு, அணு எடை 33 என்றும் கணக்கிட்டார். கணக்கு பொய்த்தது, பொருள் நிலைத்தது. ஆக்சிஜன் ஏறியதால் அடுக்கு அகன்ற கிராஃபைட் ஆக்சைடு அது. 1958-ல் ஹம்மர்ஸ், ஆஃப்மேன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்டு அதே பொருளைச் சில மணி நேரத்தில் செய்யும் வழியைக் காட்டினார்கள். பனிக்கட்டித் தொட்டியில் வைத்த குடுவைக்குள் பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் கரும்பழுப்புக் கூழ் பளிச்சென்று மஞ்சளாகும். இன்று தமிழ்நாட்டின் வேதியியல் ஆய்வு மாணவர்களில் பலர் இந்த நிறமாற்றத்தைக் கண்ணாரக் கண்டவர்கள்.

கிராஃபைட்டின் உள்ளே மின்சாரம் எப்படி ஓடுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் நம் வட்டாரத்துக்காரர். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளியும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் மேற்படிப்பும் படித்த கே.எஸ். கிருஷ்ணன். 1928-ல் சி.வி. ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டறிந்தவர். 1930-களில் கல்கத்தாவில் கிராஃபைட் படிகங்களின் காந்தப் பண்பை நுணுகி ஆராய்ந்தார். தம் சகா என். கங்குலியோடு 1939-ல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். கிராஃபைட்டில் தாளின் நெடுக ஓடும் மின்சாரத்துக்கும், தாளைத் துளைத்துக் குறுக்கே செல்லும் மின்சாரத்துக்கும் மின்தடையில் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு உண்டு என்பதே அது. எலக்ட்ரான்கள் தாளுக்குள்ளேயே வாழ விரும்புகின்றன என்று இதிலிருந்து தெரிந்தது. 1947-ல் கனடாவில், அணு உலைக்குள் வைக்கும் கிராஃபைட்டைப் புரிந்துகொள்ள வேண்டி பி.ஆர். வாலஸ் அந்த ஒற்றைத் தாளின் மின்னியல் கணக்கைக் காகிதத்தில் முழுவதும் போட்டு முடித்தார். தாளைத் தனியே கண்ணால் பார்ப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் குணம் எழுதப்பட்டுவிட்டது. இன்னொரு பொருத்தமும் உண்டு. கையில் இருப்பது கிராஃபீன்தானா என்று அறிய உலகின் ஆய்வுக்கூடங்கள் முதலில் நாடுவது ராமன் நிறமாலையைத்தான். கிருஷ்ணன் இரண்டு வகையில் இந்தக் கதையில் இருக்கிறார்.

சென்சாரின் கிளை வேறொரு திசையிலிருந்து வருகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிய ஜே.எஸ். ஹால்டேன் 1890-களில் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டுபோகச் சொன்னார். பறவை முதலில் மயங்கும், ஆட்கள் வெளியேறலாம். அந்தக் கேனரிப் பறவைகளுக்கு பிரிட்டன் 1986-ல்தான் ஓய்வு அறிவித்தது. 1922-ல் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டுச் சொட்டாக விழும் பாதரசத்தை மின்முனையாக்கி, கரைசலில் இருப்பது என்ன, எவ்வளவு என்று மின்னோட்டத்தைக் கொண்டே படிக்கும் முறையைக் கண்டார். 1959-ல் நோபல் பரிசு வந்தது.

பாதரசத்துக்குப் பதில் கரியைச் சொட்டவிட்டால் என்ன என்று அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் முயன்றார். கரித்தூள் கலந்த திரவம் சொட்டவில்லை, முயற்சி தோற்றது. ஆனால் தூளைக் கூட்டிக் கூழாகக் கெட்டியாக்கினால் அருமையான மின்முனையாக வேலை செய்வது தெரிந்தது. 1958-ல் வந்த அந்தக் கரிக்கூழ் மின்முனை மலிவானது, நஞ்சற்றது. பழைய மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடுத்த சோதனைக்குப் புதியது தயார். 1962-ல் லேலண்ட் கிளார்க், மின்முனையோடு நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை அளக்கும் வழி சொன்னார். இரண்டு கருத்துகளும் கலந்து, கார்பன் மை அச்சிட்ட பட்டையாகி, 1987-ல் பேனா வடிவக் கருவியோடு கடைக்கு வந்தன. ஜப்பானில் சமையல் கேஸ் கசிந்து வீடுகள் வெடித்த காலத்தில் நவோயோஷி தகுச்சி வெள்ளீய ஆக்சைடைச் சூடாக்கி வாயுவை உணரும் கருவிக்கு 1962-ல் காப்புரிமை கேட்டார். வீட்டுச் சமையலறையின் கேஸ் கசிவு அலாரம் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல். அதன் குறை, எந்நேரமும் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் செலவாகும்.

இந்த அறிவு நம் ஊருக்கு வர ஒரு கொடையாளர் வழி அமைத்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று நிறுவனம் திறக்கப்பட்டது. அரிமானம், பேட்டரி, மின்முலாம் என்று வளர்ந்த அந்த வளாகத்தில் கிராஃபீன் பூசிய மின்முனைகளும் பின்னாளில் ஆய்வுப் பொருளாயின. காரைக்குடியும் சிவகங்கை மாவட்டம்தான். சட்டி, சுரங்கம், ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்த இடங்கள் உலகில் அதிகம் இருக்க வழியில்லை.

கிராஃபைட்டின் கிளையும் சென்சாரின் கிளையும் சேர்ந்தது மான்செஸ்டரில். 1962-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ்-பீட்டர் போம் மிக மெல்லிய கார்பன் தாள்களைச் செய்து காட்டியிருந்தார். 1986-ல் 'கிராஃபீன்' என்ற பெயரை முன்மொழிந்தவர்களிலும் அவர் ஒருவர். ஆனால் ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்து மின்சாரம் செலுத்திப் பார்க்கும் வேலை ஆந்த்ரே கெய்முக்கும் கான்ஸ்டான்டின் நோவசெலோவுக்கும் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் வழக்கமான ஆய்வை ஒதுக்கிவிட்டு விளையாட்டாகச் சோதனை செய்து பார்ப்பது கெய்ம் குழுவின் பழக்கம். கிராஃபைட் கட்டியைத் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கும்படி ஒரு மாணவரிடம் கொடுத்தார்கள். அவர் துளியாகும் வரை தேய்த்தும் தடிமனாகவே இருந்தது. அப்போது பக்கத்து ஆய்வாளர் ஒருவர், கிராஃபைட்டைச் சுத்தம் செய்யச் செல்லோடேப் ஒட்டி உரித்துக் குப்பையில் போடும் வழக்கத்தைச் சொன்னார். குப்பைக்குப் போகும் அந்த டேப்பில் ஒட்டியிருந்த செதில்கள் தேய்த்ததைவிட மிக மெல்லியவை. 'நேச்சர்' ஏற்க மறுத்த கட்டுரையை 2004 அக்டோபரில் 'சயின்ஸ்' வெளியிட்டது. 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சென்சார் ஆட்கள் ஏன் துள்ளிக் குதித்தார்கள் என்பதற்குக் காரணம் எளியது. கட்டியான பொருளில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் மூலக்கூறு மேற்பரப்பை மட்டும் தொடும். கிராஃபீனில் உள்ளே என்று ஓர் இடமே இல்லை, எல்லா அணுவும் வாசற்படியில். ஒரு கிராம் கிராஃபீனை விரித்தால் அதன் பரப்பு கணக்குப்படி 2,630 சதுர மீட்டர். நைட்ரஜன் டையாக்சைடு வந்து உட்கார்ந்தால் தாளிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும், அம்மோனியா உட்கார்ந்தால் கொடுக்கும். இரண்டிலும் தாளின் மின்தடை மாறும். 2007-ல் மான்செஸ்டர் குழுவே, ஒரே ஒரு வாயு மூலக்கூறு ஒட்டுவதையும் விலகுவதையும் படிப்படியான மின்தடைத் தாவல்களாகப் பதிவு செய்தது. அறை வெப்பத்திலேயே வேலை செய்வதால் தகுச்சியின் சூடேற்றி தேவையில்லை. கரைசலில் வைக்கும் சென்சாருக்கு ஹம்மர்ஸ் முறையில் செய்த கிராஃபைட் ஆக்சைடைத் தாள் தாளாகப் பிரித்து, ஆக்சிஜனைப் பெரும்பகுதி நீக்கினால் கிடைக்கும் மலிவான கிராஃபீனே போதும். அதில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் குழுக்களும் குறைகளும் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ளக் கொக்கிகளாகப் பயன்படுகின்றன.

பிறகு நடந்தது ஒரு பெரும் படையெடுப்பு. டோபமைன், பாராசிட்டமால், நைட்ரைட், பூச்சிமருந்து, சாயம், ஈயம், பாதரசம் என்று ஒவ்வொன்றுக்கும் கிராஃபீன் சென்சார் கட்டுரைகள் குவிந்தன. காரைக்குடி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், காந்திகிராமம், திருச்சி என்று தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்களும் தைவானிலும் கொரியாவிலும் முனைவர் பட்டத்துக்குச் சென்ற தமிழ் மாணவர்களும் இதில் முன்வரிசையில் நின்றார்கள். சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு சாதாரணச் சர்க்கரையிலிருந்து கிராஃபீன் போன்ற கார்பனைச் செய்து மணலில் பூசி, தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று 2012-ல் காட்டியது. 2014-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு, பாலிஇமைடு பிளாஸ்டிக்கின் மேல் லேசர் ஒளியால் கோடு கிழித்தால் அந்தக் கோடே கிராஃபீனாக மாறுவதை எதிர்பாராமல் கண்டது. சென்சாரை அச்சடிக்காமலே வரைந்துவிடலாம் என்றானது. 2020-ல் தென்கொரியர்கள் கிராஃபீன் டிரான்சிஸ்டர் கொண்டு கொரோனா வைரஸையே கண்டறிந்து காட்டினார்கள்.

படையெடுப்பு என்றால் போலிகளும் வரும். 2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அன்டோனியோ காஸ்ட்ரோ நெட்டோ உள்ளிட்டோர், உலகெங்கும் 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற மாதிரிகளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு, மீதி வெறும் கிராஃபைட் தூள். கிராஃபீனோடு எதைக் கலந்தாலும் வினைத்திறன் கூடிவிட்டதென்று கட்டுரை எழுதும் போக்கை 2020-ல் பிராகிலிருந்து மார்ட்டின் பூமெரா குழு நேராகச் சோதனைக்கு உட்படுத்தியது. பறவை எச்சத்தைக் கலந்தார்கள், அப்போதும் திறன் கூடியது. எதைக் கலந்தாலும் கூடும் திறனைப் பெரிய முன்னேற்றம் என்று அறிவிப்பதில் பொருளில்லை என்பதே அந்த ஆய்வின் பாடம். எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் நோபல் பரிசுக் கட்டுரைக்கு இணையான மதிப்புடையவையாகப் படுகின்றன. கருவியை நம்பி உயிரை வைக்கப்போகிறவர்களின் பக்கம் நின்று கேட்ட கேள்விகள் அவை.

அப்படி உயிரை வைப்பவர்கள் நம் நகரத்திலேயே இருக்கிறார்கள். ஜல்லிக்கட்டுக்காக நாடறிந்த அவனியாபுரம், மதுரையின் கழிவுநீர் வந்து சேரும் இடமும்கூட. நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையமும், வெள்ளக்கல் குப்பைக் கிடங்கும் அங்கேதான் உள்ளன. அருகே அயன்பாப்பாக்குடிக் கண்மாய்த் தண்ணீர் அண்மை ஆண்டுகளில் வெண்ணுரையாகப் பொங்கிச் சாலையை மறித்திருக்கிறது. கழிவுநீர் தேங்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதைவிடப் பல மடங்கு கூடினால் சில மூச்சில் உயிர் போகும். ஆபத்து கூடும்போது மூக்கு கைவிட்டுவிடுகிறது, கருவிதான் காக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்தது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழிக்குள் மனிதர் இறங்காமல் இருப்பதுதான் முதல் தீர்வு. இயந்திரத்தோடு மேலே நிற்பவருக்கும், மூடியைத் திறப்பவருக்கும், சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவருக்கும் சட்டைப்பையில் வைக்கும் எச்சரிக்கைக் கருவி அப்போதும் தேவை.

இந்தத் தேவையில்தான் கிராஃபீனின் பயணம் இப்போது நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த காற்றில் அருமையாக வேலை செய்யும் தாள், சாக்கடையின் நூறு சதவீத ஈரப்பதத்தில் நீராவியையும் விஷவாயுவையும் குழப்பிக்கொள்கிறது. ஒட்டிய மூலக்கூறு சீக்கிரம் விலகுவதில்லை. ஒரு தொகுதியில் செய்த சென்சாரும் அடுத்த தொகுதியில் செய்ததும் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. எல்லா அணுவும் வாசற்படியில் இருப்பது வரம், அழைக்காத விருந்தாளியும் உள்ளே வருவது அதன் விலை. இதற்கு வழிகள் உண்டு. குறிப்பிட்ட வாயுவை மட்டும் பற்றும் உலோக ஆக்சைடுத் துகள்களைத் தாளில் பதிக்கலாம். பல சென்சார்களை வரிசையாக வைத்து அவற்றின் பதில்களைச் சேர்த்துப் படிக்கலாம். ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய சவ்வால் மூடலாம். இவை ஒவ்வொன்றும் ஆராயப்பட்டு வருகின்றன. கேரளத்தில் டிஜிட்டல் பல்கலைக்கழகமும் சி-மெட் ஆய்வு நிறுவனமும் டாடா ஸ்டீலோடு சேர்ந்து கிராஃபீனுக்கென்றே ஒரு புத்தாக்க மையத்தைத் தொடங்கியிருக்கின்றன.

சிவகங்கைக் கிராஃபைட் இன்று பெரும்பாலும் செங்கல்லுக்கும் மூசைக்கும் போகிறது. அதன் ஒரு சிறு பகுதி காரைக்குடியில் தாளாகப் பிரிந்து, மதுரையில் சென்சாராக மாறி, அவனியாபுரத்து நிலையத்தில் மழையிலும் வெயிலிலும் ஒரு முழு ஆண்டு சோதிக்கப்பட வேண்டும். பக்கத்திலேயே நம்பகமான வணிகக் கருவி ஒன்றை வைத்து, இரண்டின் எண்களையும் நாள்தோறும் ஒப்பிட்டு, தவறிய நாள்களையும் சேர்த்து வெளியிட வேண்டும். ஒரு சொட்டுக் கரைசலில் எத்தனை சிறிய அளவைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லும் கட்டுரைகள் நம்மிடம் போதிய அளவு உள்ளன. ஒரு தொழிலாளி எத்தனை மாதம் நம்பி அணிந்திருக்கலாம் என்று சொல்லும் கட்டுரை இனி எழுதப்பட வேண்டியது. கீழடிச் சட்டியின் பூச்சு 2,600 ஆண்டுகள் உரியாமல் நின்றது. நம் சென்சார் ஐந்து ஆண்டு நின்றால் போதும், பல குடும்பங்கள் பிழைக்கும்.